சரோசா அச்சகத்தில் ஜ தட்டுப்பாடு

என் அருமைச் சரோசாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. உன்னை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஊருக்கு முன்னால் நீ எனக்கு "வாங்க சம்பந்தி", நான் உனக்கு "சொல்லுங்க சம்பந்தி". அச்சகத்துக் கதவைச் சாத்தினால் மறுபடியும் நீ, வா, போ. ஒரு சந்தை நாளில் கதவு திறந்திருப்பதை மறந்துவிட்டு, "ஏ பழனியம்மா, மையைக் குறைடி, எழுத்தெல்லாம் ஊதிப்போய் வருது" என்று கத்தினாய். பஸ்ஸுக்கு நின்ற சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சம்பந்தியை டி போட்டுக் கூப்பிட்ட அதிசயத்தைச் சோளக்காட்டு ஊரே ஒரு வாரம் பேசியது.

இந்தக் கடிதம் அச்சகத்துக்குள் உட்கார்ந்து எழுதுவது. கதவைச் சாத்தித் தாழும் போட்டுவிட்டேன். அதனால் நீதான்.

முதலில் ஊர்ச் சேதி. இந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே வாசம் ஆளைத் தூக்குகிறது. மிளகு சுமார்தான். பஸ் ஸ்டாப்பில் நீ உட்காரும் கல்லில் இப்போது ஒரு பூனை உட்காருகிறது. உன்னை மாதிரியே வருகிறவர் போகிறவரை எல்லாம் முறைக்கிறது.

உன் மருமகன், அதாவது என் மகன் ஜெயபால், பக்கத்து அறையில் கடை போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர், கலர் பிரிண்டர் எல்லாம் உண்டு. வாசலில் "ஜெயம் ஜெராக்ஸ்" என்று போர்டு. ஒரே போர்டில் இரண்டு ஜ, ஒவ்வொன்றும் ஆளுயரம். அதைப் பார்க்கிறபோதெல்லாம் உன்னை நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

காலால் மிதித்து ஓட்டும் நம் அச்சு மிஷினும் ஓடுகிறது, கவலைப்படாதே. தேன் பாட்டில் லேபிள், மிளகுப் பைக்கு ஒட்டும் சீட்டு, கோயில் நோட்டீஸ் என்று வாரத்தில் பாதி நாள் மிதிக்கிறேன். கரண்டு போய்விட்டால் ஜெயபால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் அவன் முகத்தை நீ பார்க்க வேண்டுமே!

நீ இல்லாததால் எழுத்துக் கோப்பதும் நான்தான். உன் வேகம் எனக்கு வராது. நீ ஒரு முழுக் கல்யாணப் பத்திரிகையைக் கோத்து முடிக்கிற நேரத்தில் நான் மணமகளின் அப்பா பேர் வரைக்கும்தான் போவேன். ஈய எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி வாசிக்க இன்னமும் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. நீ அதைத்தான் நேராக வாசிப்பாய். நேராக எழுதியதைப் பார்த்தால்தான் கொஞ்சம் தடுமாறுவாய். உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வந்த ஆம்புலன்ஸின் முன்பக்கம் எழுத்தைத் திருப்பி எழுதியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபடியே அதைப் பார்த்து, "நம்மளுக்குன்னே எழுதி வெச்சிருக்கறாங்க பாரு" என்றாய். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அதை நினைத்து நீ சிரித்தாய். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்கிறாள் உன் மகள் பூங்கொடி. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பொறுத்துக்கொள்.

நீ ராசிபுரத்தில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவள். அந்த முதலாளி ஆப்செட் மிஷின் வாங்கியதும் பழைய மிதி மிஷினையும் ஈய எழுத்துகளையும் தள்ளிவிட நினைத்தார். அதைக் கேட்டதும் கொல்லிமலைக்கு ஒரு அச்சகம் வேண்டும் என்று உனக்குத் தோன்றிவிட்டது. மிதிப்பதற்குக் கால் தேடி என்னிடம் வந்தாய். படிப்பு வேண்டாம், கால் போதும் என்றாய். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள் என்பதை அன்றைக்கு நானும் சொல்லவில்லை.

லாரி வளைவு வளைவாக ஏறி வந்ததில் எழுத்துப் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று மோதி எல்லா எழுத்தும் கலந்துவிட்டது. சோளக்காட்டில் சாக்கை விரித்துக் கொட்டி, சாமையில் கல் பொறுக்குவதைப் போல உட்கார்ந்து பிரித்தோம். க ஒரு குவியல், ம ஒரு குவியல், துணைக்கால் ஒரு குவியல். ஜ மட்டும் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

ராசிபுரத்து முதலாளி தனித்தமிழ்ப் பற்று உள்ளவர். வடமொழி எழுத்து நம் அச்சகத்தில் எதற்கு என்று வாங்கும்போதே குறைத்து வாங்கியிருந்தார். அரசாங்க நோட்டீஸுக்குத் தேவைப்படுமே என்று ஏதோ பேருக்குக் கொஞ்சம். அவர் ராசேந்திரன் என்று அச்சடித்துக் கொடுத்தால் அது கொள்கை என்று சனம் எடுத்துக்கொண்டது. நமக்கு ஏது கொள்கை? நாம் அடித்தால் அது எழுத்துப் பற்றாக்குறை என்று ஊருக்கே தெரியும்.

புதிதாக வாங்கலாம் என்றால், எழுத்து வார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். மலையிலோ அப்போது பெரியவர்கள் பிள்ளைகள் எல்லாம் விஜயா, ராஜேந்திரன், ஜெயராமன், ஜோதி. பத்திரிகையில் பெண் வீட்டார் பேர் முடிவதற்குள்ளேயே எழுத்துப் பெட்டியில் ஜ அறை காலியாகிவிடும். அதனால் நீ ஒரு பங்கீடு போட்டாய். மாப்பிள்ளை, பொண்ணு, தாய்மாமன், தலைமை தாங்கும் பெரிய மனுஷர், இவர்களுக்கு ஜ. மற்ற எல்லோருக்கும் ச. விசயா, ராசேந்திரன், சோதி. பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டி அதையே பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு. இன்றைக்கும் யாராவது விசயா என்று ரேஷன் கார்டை நீட்டினால், அது நீ வைத்த பேர் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

என் பேரில் ஜ இல்லை. அதனால் கடைசி வரைக்கும் மானத்தோடு பிழைத்தேன்.

அந்த ராஜமாணிக்கம் மாமனை மறந்திருக்க மாட்டாய். தங்கச்சி மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டை ஒரு தோளிலும் பலாப்பழத்தை இன்னொரு தோளிலும் சுமந்துகொண்டு வந்து இரண்டையும் மேசைமேல் போட்டார். பலாப்பழம் மரியாதைக்கு, பத்திரிகை சண்டைக்கு. பங்காளி ஜெகநாதனுக்கு ஜ, தாய்மாமனுக்கு ச என்று பத்திரிகையில் வந்திருந்தது. பெண் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில் யார் மாமன், யார் பங்காளி என்று தெளிவாக இல்லை. "எம்பேருக்கு மட்டும் என்னங்க குறைச்சல்?" என்று கேட்டுவிட்டு அவர் நகராமல் நின்றார். ஜெகநாதனின் ஜ-வைப் பிடுங்கினால் அவர் சும்மா இருப்பாரா?

நீ யோசித்தது ஒரு நிமிஷம்தான். ஊசியால் ஜ-வைக் கிளப்பி மாமனின் பேரில் வைத்துப் பாதிப் பத்திரிகையைப் புதிதாக அடித்தோம். பங்காளிக்கு ஜ வைத்து ஏற்கெனவே அடித்ததில் பாதியை அப்படியே விட்டோம். மாமன் பக்கத்துச் சனத்துக்கு ஒரு கட்டு, பங்காளி பக்கத்துக்கு ஒரு கட்டு. கல்யாணத்தில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் அருகருகே உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் பாவமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறி, பாயசம் மூக்கு வழியாக வந்தது.

உன் சொந்த வீட்டில் மட்டும் பங்கீடு வேறு. அதை நீ ஒரே ஒரு தரம்தான் சொன்னாய். "ஜ-ங்கறது சேரு மாதிரி பழனியம்மா. வர்றவங்களுக்கு எடுத்துப் போடறது. ஊட்டாளுக்கு எதுக்குச் சேரு?" என்றாய். நான் அதைச் சட்டை செய்யவில்லை. மை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ராஜாவிடம் வருகிறேன். உன் மகனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன்.

உடம்பு முடியாமல் போனபோது நீ செய்த வேலையை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உன் கருமாதிப் பத்திரிகையை நீயே கோத்து முடித்தாய். தேதி வரும் இடத்தில் மட்டும் வெற்று ஈயத்தை வைத்து இடம் விட்டாய். நான் கண்டபடி திட்டினேன். "நீ கோத்தா ஒற்றும் புள்ளியும் எடம் மாறும், நாலு பேரு படிக்கறது, தப்பா போகக்கூடாது" என்றாய். நூலால் கட்டி, காகிதத்தில் சுற்றி, பெட்டிக்கு மேலே வைத்தாய். பிறகு டீ கேட்டாய்.

அதில் தேதியை மட்டும் கோத்தவள் நான். மற்றபடி எல்லாம் உன் கை. ஒரு பிழையும் இல்லை. துக்கத்தின் நடுவிலும் அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ராஜாவின் கண் மட்டும் இரண்டு வரியில் சிக்கிக்கொண்டது. மருமகன் ஜெயபால் என்று ஜ போட்டு வந்திருந்தது. அதற்கு மேல் வரியில் மகன் ராசா என்று வந்திருந்தது. காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "எங்கம்மாவுக்கு ஜ பஞ்சம் எங்கிட்ட மட்டும்தான் வந்துதுங்களா அத்தை?"

நான் அந்தச் சேர் விஷயத்தைச் சொன்னேன். சும்மா சமாதானம் சொல்லாதீர்கள் என்றான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அந்தப் பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டான். நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய சண்டை என்றாலும் கிளம்பும்போது "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவன் அதைச் சொல்லவில்லை. பூங்கொடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. நீ போன பிறகு பூங்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக் கொலுசு வாங்கிப் பார்சலில் அனுப்பினான். ஆள் வரவில்லை. பிள்ளைக்குப் பேர் ஜனனி. ஆமாம், ஜ-வில்தான் ஆரம்பிக்கிறது. இதென்ன பேர் என்று நான் கேட்டதற்கு, "அம்மா இருந்தா திட்டியிருக்கும், அதுக்குத்தான் வெச்சனுங்க அத்தை" என்றாள். உன் மூக்கும் உன் முறைப்பும் அப்படியே இருக்கிறது. பல் மட்டும் என் வீட்டுப் பல், கொஞ்சம் இடைவெளி விட்டு முளைக்கிறது.

உனக்கு வருஷம் திரும்பிய கையோடு அவளுக்குக் காது குத்துவது என்று முடிவு செய்தோம். காது குத்தப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். மாமனுக்கு எங்கே போவது? பூங்கொடிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தனை உட்கார வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பூங்கொடி எழுந்து உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "அம்மாவும் இல்லாம, அண்ணனும் வராமப் போனா, எனக்குப் பொறந்த ஊடுன்னு எதுங்க அத்தை இருக்குது?"

அடுப்பில் விறகைத் தள்ளிக் கொடுத்தேன் சரோசா. நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருப்பாய்.

ஜெயபால் தன்னால் ஆனதைச் செய்தான். கம்ப்யூட்டரில் ஒரு பத்திரிகை தயார் செய்து, தாய்மாமன் ராஜா என்று தங்கக் கலரில் பெரிதாகப் போட்டு, வாட்ஸப்பில் அனுப்பினான். அதில் இருந்த ஜ-வுக்கு ஒரு மயிலே தோகை விரித்த மாதிரி அலங்காரம். ராஜா முதல் தடவையாகப் போன் செய்தான். ஜெயபாலுக்கு இல்லை, எனக்கு.

"கம்ப்யூட்டர்ல கழுதைக்குக்கூட ஜ வருமுங்க அத்தை. எங்கம்மா மிஷின்ல எம்பேரு எப்படி வருதுன்னு பாத்துட்டு அப்பறம் சொல்றேன்" என்றான். வைத்துவிட்டான்.

சரி, வரவழைத்துவிடலாம் என்று ஜ அறையைத் திறந்தேன். இத்தனை வருஷம் கல்யாணம் கல்யாணமாக உழைத்ததில் பாதி ஜ மொண்ணையாகிவிட்டது. சிலதுக்கு வால் இல்லை. தேடிப் பொறுக்கியதில் உருப்படியாகத் தேறியது இரண்டு. ஒன்று ஜனனிக்கு. இன்னொன்று ராஜாவுக்கு. அப்படியானால் பிள்ளையின் அப்பா செயபால்தான். என் மகனிடம் சொன்னேன். போர்டில் இரண்டு ஜ வைத்திருப்பவன், தன் மகள் பத்திரிகையில் செயபாலா என்று வாசலுக்குப் போய்ப் போர்டைப் பார்த்துவிட்டு வந்தான். மச்சான் வருவதானால் போடுங்கள் என்று பிறகு சொன்னான். நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறேன், இல்லையா?

நான் கோத்துக்கொண்டிருந்தபோதே முந்தாநாள் மதியம் ராஜா வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. கொல்லிமலையில் பிறந்தவன், வளைவில் தலை சுற்றி இரண்டு இடத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினானாம். திருப்பூர் தண்ணீர் ஆளை இப்படிக் கெடுத்துவிட்டது. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, பனியன் துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தான்.

அவிழ்த்தால் அத்தனையும் ஜ. திருப்பூரில் மூடிக்கிடந்த ஏதோ ஒரு அச்சகத்தில் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான். "இனி ஜ இல்லைன்னு ஆரும் சொல்ல வேண்டாமுங்க" என்றான். சண்டைக்கு ஆயுதம் கொண்டு வருகிறவன் மாதிரி கொண்டு வந்தான். நீ இருந்தால் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து மயங்கியே விழுந்திருப்பாய். இத்தனை வருஷம் நாம் ஏங்கிய எழுத்து, மிளகு மாதிரி குவிந்து கிடந்தது.

அவனுக்கு ஒதுக்கியிருந்த நம் ஜ-வை என் மகன் பேருக்குக் கொடுத்துவிட்டு, அதில் ஒன்றை எடுத்து ராஜா பேரில் வைத்தேன். உட்கார மாட்டேன் என்றது. அது நம் எழுத்தைவிட ஒரு அளவு பெரியது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டு சாப்பிடுவதைப் போல நடுவில் நின்றது. மேலும் கீழும் ஈயத் தகடு கொடுத்து, கட்டையை முடுக்கி, எப்படியோ இறுக்கினேன். மை தடவி ஒரு பிரதி எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

தாய்மாமன் ராஜா. ஜ அரைத் தலை உயரமாக வந்திருந்தது. நானே சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை மேலிருந்து கீழாக இறங்கி, அடியில் போய் நின்றது.

அடியில் எப்போதும் இருக்கும் வரிதான். நாம் எந்த வேலை அடித்தாலும் கடைசியில் வரும், ஒரு தடவை கோத்து நூல் கட்டி இன்று வரைக்கும் கலைக்காமல் வைத்திருக்கும் அதே வரி. சரோசா அச்சகம், சோளக்காடு. பிறந்ததிலிருந்து ஆயிரம் தாளில் அவன் பார்த்த வரி. பார்த்திருக்கிறானே தவிர, அன்றைக்குத்தான் வாசித்தான் என்று நினைக்கிறேன்.

"அம்மா பேரு சரோஜா தானுங்களே அத்தை?"

ஆமாம் என்றேன். இந்த வரி எல்லாத் தாளிலும் வருவது. இதில் ஒரு ஜ-வைக் கட்டிப்போட்டுவிட்டால் ஊருக்கு ஒன்று குறையும் என்று, மிஷின் வந்த அன்றைக்கே உன் பேரில் நீ ச வைத்துக்கொண்டதைச் சொன்னேன். நாளடைவில் ஊர் உன்னைச் சரோசா என்றே கூப்பிட்டது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன். உனக்கு ஒரு ஜ இருந்ததே எனக்கு மறந்துபோய்விட்டது.

அவன் அந்த அடி வரியை விரலால் தடவினான். பிறகு தாளை மேசையில் வைத்து, "எனக்கும் அம்மா எழுத்தே போட்டுருங்க அத்தை" என்றான். கையில் மை ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனான்.

ஊசியால் ஜ-வைக் கிளப்பினேன். ச அறையில் கையை விட்டேன். ச வைத்ததும் வரி தானாகவே இறுகியது. தகடு எதுவும் தேவைப்படவில்லை. இன்னொரு பிரதி எடுத்தேன்.

முதல் பிரதியை நீ எப்படி வாசிப்பாய்? பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு பேரையும் ஆளை நேரில் கூப்பிடுவதைப் போல இழுத்து வாசிப்பாய். பேரைச் சத்தமாகச் சொன்னால்தான் பிழை காதில் விழும் என்பாய். நானும் அப்படியே எழுந்து நின்று வாசித்தேன். குழந்தை ஜனனி. தாய் பூங்கொடி. தந்தை ஜெயபால், அவனுக்கும் ஜ கிடைத்துவிட்டது. தாய்மாமன்... உன் மாதிரியே ராகம் போட்டு இழுத்தேன்.

"ராசா..."

பின்பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது.

"இதோ வாரேம்மா."

சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவனுக்கே உறைத்திருக்கும். ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றான்.  பிறகு அந்தத் தாளை எடுத்து மறுபடி பார்த்தான். ராசா. நீ அவனை அப்படித்தானே கூப்பிடுவாய்? சாப்பிடக் கூப்பிட்டாலும், திட்டக் கூப்பிட்டாலும், ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாலும். நீ ஜ போட்டு ஒரு தடவைகூட உன் மகனைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதைத்தான் கோத்தாய். பேர் அச்சில் ஏறியதும் பையனுக்கு அது தெரியாமல் போயிற்று. எனக்கும்தான் தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் மை தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவன் அழுதான் சரோசா. நன்றாக அழுதான். அப்புறம் மிஷினில் ஏறி, நான் தாளைக் கொடுக்கக் கொடுக்கப் பத்திரிகை முழுவதையும் அவனே மிதித்தான். பூங்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஜனனி மாமனைப் பார்த்து முறைத்தாள். அவன் கை மையை அவள் கன்னத்தில் தடவினான். சாயங்கால பஸ்ஸுக்கு ஒரு கட்டுப் பத்திரிகையோடு கிளம்பும்போது, படியில் நின்று திரும்பி "வாரேனுங்க அத்தை" என்றான். அது பஸ் டிரைவருக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் காதுகுத்து. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து மலை அதிரக் கத்தப்போகிறாள். அந்தச் சத்தம் உனக்குக் கேட்குமா?

உனக்கு ஒரு வாக்கு. ராசா கொண்டு வந்த ஜ-வைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற விருந்தாளி யாராக இருந்தாலும் இனி குறையில்லாமல் எடுத்துப் போடுவேன், தகடு வைத்தாவது. ஆனால் அடியில் நூல் கட்டியிருக்கும் உன் வரியைத் தொட மாட்டேன். எனக்குப் பிறகு இதை யார் மிதித்தாலும் தொடக்கூடாது என்று சொல்லி வைப்பேன். என் பத்திரிகையையும் நானே கோத்து வைக்கலாம் என்று பார்த்தேன். ஒற்றும் புள்ளியும் இடம் மாறும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வேலையை ராசா பார்த்துக்கொள்வான். நீ அங்கே வாய் ஓயாமல் சத்தமாக வாசித்துக்கொண்டிரு, நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள், திறக்க வேண்டும். இனி மரியாதை.

அச்சகத்துக்குள் உன் பழனியம்மா,
கதவுக்கு வெளியே உங்கள் சம்பந்தி.